நாலு கோடு

அவள் மகளின் அறையில் மட்டும் சிக்னலின் நாலு கோடும் எரிந்தது. அந்த அறையில் நெட் ஒருநாளும் ஒழுங்காக எடுத்ததில்லை.

டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு நோயாளிகளின் அறிக்கைகளைத் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்வது தாயான அவளுடைய வேலை. ஆறு மணிக்குள் மூன்று அறிக்கைகள் போயாக வேண்டும். காலையிலிருந்து வைஃபை செத்துக் கிடந்தது. போனில் டேட்டாவும் தீர்ந்துவிட்டது. மடிக்கணினியைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, எங்கே கோடு ஏறுகிறது என்று வீடெல்லாம் சுற்றினாள். இந்த வீட்டில் இது அன்றாடக் கூத்து. சமையலறையில் ஒன்று. கூடத்தில் இரண்டு. காய்ச்சலில் தூங்கும் மூன்று வயது மகளின் கட்டிலருகே நாலு. கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை. ‘இணையலாமா?’ என்று மட்டும் கேட்டது, கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி. அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பது? சரி என்று அழுத்தினாள். அப்பாடா என்றிருந்தது.

கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். மருந்தின் தித்திப்பு வாடையும் ஈரத்துணியின் வாடையும் கலந்து நின்ற அந்த மூடிய அறையில், மின்விசிறியின் கிறீச்சுக்கு அடியில், எங்கிருந்து என்று பிடிபடாத மெல்லிய ரீங்காரம் ஒன்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதல் அறிக்கையை அனுப்பினாள். மகள் முனகினாள். இரண்டாவதை அனுப்பியபோதும் முனகினாள். மூன்றாவது போனதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடே இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று பூரித்துப்போனாள். பிள்ளையின் கைதான் கொஞ்சம் அதிகமாகச் சில்லிட்டிருந்தது.

ஐந்து நாற்பதுக்குக் கணவன் போன் செய்தான். நெட் இல்லாமல் என்ன செய்கிறாய், பக்கத்து வீட்டில் கேட்டாயா என்று விசாரித்தான்.

“அதான் வந்துடுச்சே. நாலு கோடு காட்டுது.”



“எப்படி வரும்? வைஃபை பெட்டி என் பையிலதான் இருக்கு. ரிப்பேருக்குக் கொடுக்கலாம்னு காலையிலயே கழட்டி எடுத்துட்டு வந்தேன்.”

கூடத்துக்குப் போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒயர் மட்டும் தொங்கியது. “உடனே கிளம்பி வாங்க” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அந்த அறையில்தான் என்னவோ இருக்கிறது. பிள்ளையை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுகையில் கணினியுடன் கூடத்துக்கு ஓடினாள். திரையைப் பார்த்தாள்.

நாலு கோடு.

சமையலறைக்குப் போனாள். நாலு. வாசற்கதவருகே வந்தாள். நாலு.

அறையில் ஒன்றுமில்லை. ரீங்காரம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. தோளில்.

“நோயாளி ஆண். வயது அறுபத்திரண்டு. மூச்சுத் திணறல்.”

அம்மா, தண்ணி, வேணாம் என்பதற்கு மேல் பேசத் தெரியாத பிள்ளை. கண் மூடியே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. முதல் அறிக்கை. அடுத்து இரண்டாவது. அடுத்து மூன்றாவது. வரிக்கு வரி அவள் தட்டியதுதான். கணினியைச் சோபாவில் போட்டு இணைப்பைத் துண்டிக்கப் பார்த்தாள். முடியவில்லை. படாரென்று மூடினாள். குரல் நிற்கவில்லை.

நாலாவதை அவள் தட்டவே இல்லை.

“நோயாளி பெண் குழந்தை. வயது மூன்று. உடல் சில்லிட்ட நிலை. மாலை ஐந்து ஐம்பதுக்கு மூச்சு நின்றது.”

கணினியைத் திறந்தாள். மூலையில் மணி. ஐந்து நாற்பத்தொன்பது.

பக்கத்தில் ஒரு கோடு அணைந்தது.

“அம்மா இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன்.” மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

இரண்டு.

ஒன்று.