இரவல் கண்

அருப்புக்கோட்டையில் பல வருடமாக மூடிக் கிடந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில்தான் காளீஸ்வரனின் முதல் தனிக் கண்காட்சி. பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி, ஒட்டி, அசையவிடுவது அவன் கலை. திருச்சுழியில் அவன் அம்மா இதைக் 'கம்ப்யூட்டர் வேலை' என்று பொதுவாகச் சொல்லிப் பெண் தேடிக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து வந்த ரசிகர்களில் ஒருவருக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டியிருந்தது. இன்னொருவர் ஃபேனுக்கு அடியில் நின்று வேர்வை ஆறியதும், "எல்லாம் நல்லாருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

போகட்டும். சாயங்காலம் மதுரையில் கலைக்கூடம் நடத்தும் ரேணுகாதேவி வருகிறார். அவருக்குப் பிடித்தால் இதே கண்காட்சி மதுரையில், அவருடைய கூடத்தில். பிடிக்காவிட்டால் காளீஸ்வரன் பழையபடி காதுகுத்துக்கு பிளெக்ஸ் போர்டு செய்யப் போகவேண்டியதுதான்.

அவன் நம்பியிருந்தது நடுச்சுவரின் பெரிய திரையை. ஸ்டுடியோ அலமாரியில் கிடைத்த பழைய படம் அது. நாற்காலியில் ஒரு பெண், தலை நிறையப் பூ. அவளை நாற்காலியோடு தூக்கிக் கருவேலங்காட்டுக்கு நடுவே உட்காரவைத்து, கண் சிமிட்ட வைத்திருந்தான்.

சிமிட்டினாள்.

மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

வயரைப் பிடுங்கிச் சொருகினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். முதலிலிருந்து மறுபடி செய்தான். வீட்டில் ஒழுங்காகத் திறந்த கண். இந்த ஸ்டுடியோவுக்கு வந்த பிறகுதான் இத்தனை பிடிவாதம். கடைசியில் திரையைக் கும்பிட்டான். "ஆத்தா, ஒரே ஒரு தடவ முழி ஆத்தா."

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே பன்னீரும் மஞ்சளும் கலந்த ஈர வாடை.

கட்டடத்துக்காரர் சங்கரபாண்டியன் டீயோடு ஏறி வந்தவர், திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவுகளையா தம்பி அசைய விட்டீக?"

"ஏன் அண்ணாச்சி?"

குரல் இறங்கியது. "அப்பல்லாம் உசுரோட இருக்கையில யாரு போட்டோ எடுத்தா? செத்தப்புறம்தான் சேர்ல சாச்சு வச்சு எடுப்பாக. இந்த ஸ்டுடியோவ நடத்துன எங்கய்யாதான், படத்து மேல பிரஷ்ஷால கண்ணைத் தொறந்து எழுதிக் குடுப்பாக. அது அவுக கண்ணே இல்ல தம்பி. நீங்க மூடிட்டீக. இனி எதை வச்சுத் தொறப்பாக?"

"மதுரையிலருந்து அந்தம்மா வார நேரத்துல ஏன் அண்ணாச்சி வயித்தக் கலக்குறீக?"

"கலக்குனா டீயக் குடிங்க." டம்ளரை வைத்துவிட்டு இறங்கினார். இறங்கிய வேகம் அந்த வயதுக்கு அதிகம்.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பினான்.

அந்தக் கூடத்தில் நாற்காலியே கிடையாது.

கீழே கார் வந்து நின்றது. பயப்படக்கூட நேரம் தராத பிழைப்பு! செல்போனில் தன் கண்களையே படமெடுத்தான். வெட்டினான். அவள் முகத்தில் ஒட்டினான்.

திறந்தாள்.

ரேணுகாதேவி அந்தத் திரையை விட்டு நகரவேயில்லை. "எங்க நின்னாலும் என்னையே பாக்குறாங்க. மதுரைக்குக் கொண்டு வாங்க காளீஸ்வரன்." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரையை அணைத்து, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, காலியாக நின்ற திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நிம்மதியாகக் கண்ணை மூடினான்.

இருட்டவில்லை.

கண்காட்சிக் கூடம் தெரிந்தது. சங்கரபாண்டியன் இந்தப் பக்கம் பார்க்காமலே விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்.

திறந்தான். பஸ்.

மூடினான். கூடத்தின் தரை மெல்லக் கீழே இறங்கியது, உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் தெரிவதுபோல. பிறகு மாடிப்படி. பிறகு தெரு.

"அண்ணே, வண்டிய எப்ப எடுப்பீக?"

"டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு. பறக்காதீக," என்றார் கண்டக்டர் கீழே நின்றபடி.

சிமிட்டாமல் இருக்கப் பார்த்தான். நீர் கட்டியது. எரிந்தது. மனுசன் எவ்வளவு நேரம்தான் முழித்துக்கொண்டிருப்பான்?

மூடிவிட்டான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் ஆளின் பிடரி தெரிந்தது.

மிகப் பக்கத்தில்.