இழுத்துப் பார்த்த முடிச்சு

“கல்லு! கல்லு வருது!”

பாறையின் உச்சியிலிருந்து மேகலா அக்கா கத்தினார்.

அப்படி ஒரு சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். பாறையோடு ஒட்டி நிற்க வேண்டும். தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். மேலே மட்டும் பார்க்கவே கூடாது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள்.

உடற்பயிற்சி ஆசிரியர் துரைராசு சாரும் பார்த்தார். புளியங்கொட்டை அளவுக் கல் ஒன்று ‘டொக்’கென்று அவருடைய ஹெல்மெட்டில் விழுந்து, துள்ளி, புல்லுக்குள் போனது.

“சார், நீங்களுமா?” என்று சிரித்தான் தமிழரசன்.

“எப்படிச் செய்யக் கூடாதுன்னு உங்களுக்குக் காட்டினேன்ப்பா,” என்றார் சார், ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டே.

பாவம், யாரைக் குறை சொல்வது? எல்லோரும் திருத்துறைப்பூண்டிக்காரர்கள். அங்கே மேலேயிருந்து விழுவது மழையும் தேங்காயும்தான். நெல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் அட்டிதான் அவர்கள் பார்த்த மலை. பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினாலே சிலர் முன் சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ் ஏறி, புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் இந்தக் குன்றுக்குப் பாறை ஏறக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள்.

மேகலா அக்காதான் பயிற்சியாளர். பாறையில் அடித்திருந்த இரும்பு வளையங்களில் கயிற்றை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே மூன்று மாடி உயரம் ஏறியிருந்தார். உச்சியில் கயிற்றைப் பூட்டினார். பக்கத்தில் ஒரு சின்ன வெண்கல மணியைத் தொங்கவிட்டார். பிறகு அதே கயிற்றில் சிலந்தி போல வழுக்கி இறங்கினார்.

“ஒரு முனை உங்க இடுப்புல. இன்னொரு முனை என் கையில. நீங்க ஏற ஏற நான் கயிறை இழுத்துக்கிட்டே இருப்பேன். கை விட்டாலும் கீழே விழ மாட்டீங்க, தொங்குவீங்க. அவ்வளவுதான். மேலே போய் மணி அடிச்சிட்டு வாங்க!”

முதலில் கை தூக்கியவள் அஃப்ரீன்.

அவள்தான் பள்ளியிலும் முதலில் பெயர் கொடுத்தாள். வீட்டில் உம்மா நம்பவே இல்லை. “மொட்டை மாடியில காயிற துணியை எடுத்துட்டு வர பயப்படுவே. நீ பாறை ஏறப் போறியா?”

“உச்சி வரைக்கும் ஏறிட்டு வந்து சொல்றேன் உம்மா,” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மேகலா அக்கா அவளுடைய இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கட்டிவிட்டார். அஃப்ரீன் ஏறத் தொடங்கினாள். ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி. வாசல் நிலை உயரம் வந்ததும் கீழே ஒரு தடவை பார்த்தாள்.

அவ்வளவுதான். கால்கள் தையல் மிஷின் ஊசி போல ஆடின. இரண்டு கைகளாலும் பாறையைக் கட்டிக்கொண்டு கன்னத்தை அதன்மேல் அழுத்திக்கொண்டாள்.

“அஃப்ரீன், கயிறு இருக்கு. கையை விட்டுட்டு உட்காரும்மா,” என்றார் மேகலா அக்கா.

அஃப்ரீன் விடவில்லை. கை வலிக்க வலிக்கப் பாறையைத் தடவிக்கொண்டே இறங்கினாள்.

“பல்லி!” என்றான் தமிழரசன். “சுவத்துப் பல்லி மாதிரியே ஒட்டிக்கிட்டா!”

அஃப்ரீனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “பல்லி ஒண்ணும் விழாதுடா.”

“விழாதா? எங்க வீட்டு காலண்டர்ல பல்லி விழும் பலன்னு ஒரு பக்கமே போட்டிருக்கான்!”

எல்லோரும் சிரித்தார்கள். அஃப்ரீன் போய் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்தது தமிழரசன். விறுவிறுவென்று ஏறினான். உச்சிக்குப் போனதும் காற்றில் இரண்டு தடவை கையை வீசினான். மூன்றாவது தடவை மணி ‘கிணிங்’ என்றது.

“மேலேயிருந்து என்னடா தெரியுது?” என்று கீழேயிருந்து கத்தினார்கள்.

“எல்லாம் தெரியுது! நம்ம ஊரே தெரியுது!”

மதியத்துக்குள் பத்தொன்பது பேர் மணி அடித்துவிட்டார்கள்.

புளிச்சோறு சாப்பிட்டு முடித்ததும் மேகலா அக்கா ஆளுக்கொரு துண்டுக் கயிற்றைக் கொடுத்தார். இனி முடிச்சை அவரவரே போட வேண்டும். எட்டு என்ற எண்ணைப் போல வளைந்து வரும் முடிச்சு அது. வந்த வழியே கயிற்றை இன்னொரு முறை கோத்து இறுக்க வேண்டும்.

“ரெண்டு ரெண்டு பேரா சேருங்க. ஏறப் போறவங்க முடிச்சை முதல்ல ஜோடி பார்க்கணும். கண்ணால மட்டும் பார்க்காதீங்க, இழுத்துப் பாருங்க. அப்புறம் நான் பார்ப்பேன். ரெண்டு பேரும் பார்க்காம ஒரு காலும் தரையை விட்டு எழும்பக் கூடாது. தமிழரசா, உனக்கு ஜோடி அஃப்ரீன்.”

தமிழரசன் பெரிய கயிற்றை எடுத்தான். பேசிக்கொண்டே, பாறையைப் பார்த்துக்கொண்டே, கையைப் பார்க்காமலே இரண்டு நொடியில் முடிச்சைப் போட்டான்.

“முடிஞ்சுது. நான் போகவா?”

“இரு. நான் பார்க்கணும்.”

“பல்லி பார்த்து என்ன ஆவப்போவுது? எங்க வீட்டுல நாலு மாடு, ரெண்டு கன்னுக்குட்டி. தினமும் கட்டுறவன் நான்.”

அஃப்ரீன் குனிந்து பார்த்தாள். அது எட்டு போல இல்லை. வெளியே நீண்டிருந்த நுனியைப் பிடித்து லேசாக இழுத்தாள்.

சரக்! முடிச்சு முழுவதும் அவிழ்ந்து கயிறு அவள் கையோடு வந்துவிட்டது.

இருவரும் கயிற்றைப் பார்த்தார்கள்.

அது மாடு கட்டும் முடிச்சு. மாடு இழுத்தால் இறுகும். அவிழ்க்க வேண்டியவர் நுனியைச் சுண்டினால் ஒரே இழுப்பில் வந்துவிடும். கொட்டகையில் அதுதான் வசதி. தினமும் அதையே போட்டுப் பழகிய கை, இங்கேயும் தானாக அதையே போட்டிருந்தது.

மேகலா அக்கா பக்கத்து ஜோடியின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற பிள்ளைகள் நாலடி தூரத்தில் நின்றார்கள்.

இப்போது அஃப்ரீன் ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் போதும். ‘மாட்டுக்காரா!’ என்று இந்த வருடம் முழுவதும் அவனைக் கூப்பிடலாம். பல்லிக்குச் சரியான பதிலடி!

அவள் தமிழரசனின் முகத்தைப் பார்த்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. காலையில் பாறையைக் கட்டிக்கொண்டிருந்தபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்குமோ?

“திரும்பக் கட்டு,” என்றாள் மெதுவாக. “முதல்ல எட்டு. அப்புறம் வந்த வழியிலேயே திருப்பிக் கோக்கணும். நான் பிடிச்சுக்கிறேன்.”

தமிழரசன் கட்டினான். இந்த முறை கையைப் பார்த்துக் கட்டினான். அஃப்ரீன் இழுத்தாள். நுனியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தாள். முடிச்சு இன்னும் இறுகியதே தவிர அசையவில்லை.

மேகலா அக்கா வந்து தொட்டுப் பார்த்தார். “அருமை. போ.”

தமிழரசன் ஏறினான். மீண்டும் ‘கிணிங்’. மீண்டும், “எல்லாம் தெரியுது!”

அஃப்ரீன் மேலே பார்க்கவில்லை. கையிலிருந்த துண்டுக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தன் இடுப்பில் இருந்த முடிச்சை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எது தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே தெரியாமல் ஏறியிருக்கிறாள். பிறகு எப்படிக் கையை விடத் தோன்றும்?

துண்டுக் கயிற்றில் எட்டு போட்டாள். அவிழ்த்தாள். மறுபடி போட்டாள். ஏழாவது தடவை எழுந்து போய், “அக்கா, நான் இன்னொரு தடவை ஏறட்டுமா?” என்றாள்.

“தாராளமா!”

அவளே முடிச்சைப் போட்டாள். தமிழரசன் ஓடி வந்து அதை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துத் துரைராசு சார் விசில் ஊதினார்.

“எல்லாரும் கிளம்புங்க! மணி மூணரை. இருட்டுறதுக்குள்ள மன்னார்குடியைத் தாண்டணும்.”

அஃப்ரீனின் முகம் தொங்கிப் போனது. முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தாள்.

ஆனால் கிளம்ப முடியவில்லை. டிரைவர் வைரக்கண்ணு அண்ணனைக் காணோம்! சார் அவருடைய போனுக்கு அடித்தார். பூட்டிய பஸ்ஸுக்குள்ளே, ஸ்டியரிங் பக்கத்திலிருந்து அது மணியடித்தது. டீக்கடையில் இல்லை. கோயில் பக்கம் இல்லை. “அண்ணே! வைரக்கண்ணு அண்ணே!” என்று கூப்பிட்டுக்கொண்டே சார் சாலைப் பக்கம் ஓடினார்.

“அவரு வர்ற வரைக்கும் நேரம் இருக்குல்ல?” என்றார் மேகலா அக்கா. “கட்டின கயிறை ஏன் அவுக்கணும்?”

அஃப்ரீன் பாறையில் கால் வைத்தாள். ஆள் உயரம் ஏறினாள். நின்றாள்.

“அக்கா, முதல்ல இங்கேயே கையை விட்டுத் தொங்கிப் பார்க்கட்டுமா?”

“பாரேன்.”

கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரு கையை விட்டாள். பிறகு மறு கையையும். கயிறு விறைத்தது. இடுப்புப் பட்டை அவளைத் தூளியில் போட்ட குழந்தை மாதிரி தாங்கிக்கொண்டது. கண்ணைத் திறந்து முடிச்சைப் பார்த்தாள். இறுகியிருந்தது. அவள் போட்ட முடிச்சு!

“பிடிக்குது!” என்றாள் ஆச்சரியமாக.

“பல்லி தொங்குது டோய்!” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

“சும்மா இருடா,” என்றது தமிழரசனின் குரல்.

அஃப்ரீன் மறுபடி பாறையைப் பிடித்தாள். கை வலிக்கக் கூடாது. அப்படியானால் கால்தான் வேலை செய்ய வேண்டும். கார்த்திகை மாத மழையில் டியூஷனுக்குப் போகும் வரப்பு ஞாபகம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே ஒரு சாண் அகல வழுக்கல். அங்கே கையால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பெருவிரலை ஊன்றி, அது நிலைத்ததா என்று பார்த்து, பிறகுதானே அடுத்த காலை எடுப்பாள்?

பெருவிரலை ஒரு விளிம்பில் ஊன்றினாள். நிலைத்தது. அடுத்த கால். வாசல் நிலை உயரம் கடந்தது. கால் மறுபடி ஆடியது. கையை விட்டு உட்கார்ந்து, முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். மறுபடி ஏறினாள்.

“இடது கால் பக்கம் ஒரு குழி இருக்கு!” என்று கத்தினான் தமிழரசன்.

இருந்தது. அதில் ஏறினாள். அதற்குமேல் எத்தனை அடி என்று அவளுக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது மூக்குக்கு நேரே மணி தொங்கியது.

கிணிங்! கிணிங்! கிணிங்!

கீழே ஒரே விசில். அஃப்ரீன் கயிற்றில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சுற்றிலும் பார்த்தாள். திருத்துறைப்பூண்டி தெரியவில்லை. ஒரு குளம் தெரிந்தது. முந்திரித் தோப்பு தெரிந்தது. பெரிய உருண்டைப் பாறையின் நிழலில் அவர்களுடைய பஸ் தெரிந்தது. பஸ் கூரையின்மேல்...

“சார்!” என்று அலறினாள். “டிரைவர் அண்ணன் பஸ்ஸு மேல படுத்துத் தூங்குறாரு!”

பத்தொன்பது பேர் பஸ்ஸை நோக்கி ஓடிப்போய்த் தட்டிய தட்டலில் வைரக்கண்ணு அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “என்ன, அதுக்குள்ள கிளம்பியாச்சா? சாப்பிட்டதும் சித்த நேரம் கண்ணசந்தேன். காத்து நல்லா வந்துச்சு!”

பஸ் கிளம்பியது. உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அஃப்ரீன் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தாள். தமிழரசன் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். தன் கடலை மிட்டாயில் பாதியை உடைத்து நீட்டினான். மென்றுகொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“டேய், சாப்பிட்டதுக்கு அப்புறம்தானே நீ ரெண்டாவது தடவை மேலே போனே? அப்பவே டிரைவர் அண்ணன் பஸ்ஸு மேலதானே இருந்திருப்பாரு? எல்லாம் தெரியுதுன்னு கத்தினியே, அவரு தெரியலையா?”

தமிழரசன் முன் சீட்டைப் பார்த்தான். பின் சீட்டைப் பார்த்தான். அவள் காதருகே குனிந்தான்.

“யார்கிட்டயும் சொல்லிடாத. ரெண்டு தடவையும் மேலே போய் நான் கண்ணையே திறக்கல.”