வரியில்லாத வீடு

ஒடேட் அந்த அட்டையை மேசைமீது போட்ட விதத்திலேயே இடலீனாவுக்குப் புரிந்துவிட்டது, இன்றைய காலை நல்லபடியாகக் கழியாது என்று.

நகராட்சியிலிருந்து வந்த அட்டை அது. ஊரிலுள்ள எல்லா வீடுகளுக்கும் புதிதாக விலை மதிப்புப் போட்டிருந்தார்கள். பிப்ரவரி தொடங்கியதிலிருந்து தெருவே இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. இனி வரி எங்கே போய் நிற்குமோ என்று எதிர்வீட்டுக்காரர் பனியை வாரிக்கொண்டே புலம்பினார். நியூஜெர்சியில் வீடு வாங்குவது பெரிதல்ல, வருஷாவருஷம் அதற்கு வரி கட்டி மீள்வதுதான் பெரிது.

இடலீனா மாமனாரின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு எழுந்து, எண்பத்திரண்டு வயது அர்மிந்தோவைக் குளிப்பாட்டி, உடை மாற்றி உட்கார வைத்தாயிற்று. ஏழரைக்குள் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போயாக வேண்டும். முந்நூறு பிள்ளைகளுக்குச் சூப் கிண்ட வேண்டும். கணவன் ரூய் இறந்ததிலிருந்து ஆறு வருஷமாக அவளுடைய நாட்கள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

"இந்த வீடு இவ்வளவு விலை போகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா அண்ணி?" என்றாள் ஒடேட்.

ஒடேட் ரூயின் தங்கை. விவாகரத்தாகி இரண்டு வருஷத்துக்கு முன் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, மாடி அறையில் இருந்தாள். வீடு அர்மிந்தோ கட்டியதுதான். அமெரிக்க ராணுவத்தில் இருந்த மகன் போரிலிருந்து உடைந்துபோய்த் திரும்பியபோது அவன் பெயருக்கும் மருமகள் பெயருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த எழுத்து ஒடேட்டின் நெஞ்சில் ஒரு முள்.

இடலீனா ரொட்டியை மாமனாரின் தட்டில் வைத்தாள்.

"போன வாரம் நீங்க டவுன்ஹால்ல ஏதோ பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களாம். பார்த்தவங்க சொன்னாங்க. அங்கேருந்து நேரா பேக்கரிக்குப் போயி, கடைக்காரன் டெல்ஃபினோட நின்னு பேசினீங்களாம். எங்கண்ணன் வீட்டை வித்துட்டு அந்த ஆளோட போறதா திட்டமா? அப்பாவை எங்கே விடப்போறீங்க... முதியோர் இல்லத்துலயா?"

அர்மிந்தோ காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவருக்குச் சர்க்கரை கூடாது. கலக்குவதற்கு அதில் எதுவும் இல்லை. இடலீனா அவரை ஒரு கணம் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"மதியத்துக்குக் கீரை சூப் அடுப்புல இருக்கு. மாமாவுக்குச் சூடு பண்ணிக் கொடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள். பஸ் நிறுத்தம்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். பஸ் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். அழுதுகொண்டிருக்கவும் அவளுக்கு நேரமில்லை.

ஒடேட் அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேரே டவுன்ஹாலிலுள்ள நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். வீட்டுப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். யார் கேட்டாலும் காட்டுகிற பதிவுதான் அது. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி கணினியில் தேடி, தாளில் அச்செடுத்துக் கொடுத்தாள். விற்பனை எதுவும் இல்லை. அடமானம்கூட இல்லை. ஆனால் வரி என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

இது தப்பாக இருக்கிறதே என்றாள் ஒடேட்.

தப்பில்லை என்று அந்தப் பெண்மணி பொறுமையாக விளக்கினாள். போரில் முழுமையாக ஊனமடைந்தவர் என்று அரசாங்கம் சான்று கொடுத்த வீரருக்கு, அவர் குடியிருக்கும் வீட்டின்மீது வரி கிடையாது. அவர் இறந்தபிறகு அந்தச் சலுகை அவர் மனைவிக்குத் தொடரும். அவள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். நான் இன்னும் விதவையாகத்தான் இருக்கிறேன் என்று கேட்கும்போதெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டா?"

"சலுகை அத்தோட போச்சு. எல்லாரையும் போல முழு வரி."

முழு வரி எவ்வளவு வரும் என்று ஒடேட் கேட்டாள். வருஷத்துக்குப் பதினோராயிரம் டாலருக்கு மேல் என்றாள் அந்தப் பெண்மணி. பள்ளிக்கூடச் சமையற்காரியின் சம்பளத்தில் அது முடியாது என்பது ஒடேட்டுக்குத் தெரியும். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரூய்க்கு 'முழு ஊனம்' என்ற சொல்லே பிடிக்காது. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். அவன் போன பிறகும் இடலீனா அந்தச் சத்தியத்தைக் காத்து வந்தாள். அதனால்தான் வெளியூரில் வாழ்ந்த தங்கைக்கு எதுவும் தெரியவில்லை.

ஒடேட் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், அப்பாவின் முன் அந்தத் தாளை நீட்டினாள்.

அர்மிந்தோ அதைப் படிக்கவில்லை. கையில் வாங்கி இரண்டாக மடித்தார். பிறகு மெல்லச் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன், ஈஸ்டருக்கு மறுநாள், டெல்ஃபின் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தான். மனைவியை இழந்தவன், கௌரவமான மனிதன். இடலீனாவைக் கட்டிக்கொள்ள உங்கள் ஆசி வேண்டும் என்று இதே மேசையில் உட்கார்ந்து கேட்டான்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"அவன் போனப்புறம் அவகிட்ட அழுதேன். நீ போயிட்டா வரி வரும், வீடு போயிடும், இந்த வயசுல நான் எங்கேம்மா போவேன்னு கேட்டேன். சரி மாமா, போகலைன்னு சொன்னா. அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கல." கிழவர் மடித்த தாளை மறுபடி மடித்தார். "இன்னிக்குக் காலையில நீ அவளைப் பேசினப்போ நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. உசிரோட இருக்கவே வெக்கமா இருக்கு ஒடேட்."

நாலு மணிக்கு இடலீனா நனைந்த காலணிகளோடு உள்ளே வந்தாள். ஒடேட் வாசலிலேயே நின்றிருந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் பகலெல்லாம் நினைத்து வைத்திருந்தாள். அண்ணியின் முன்னால் மண்டியிட்டு, அந்தக் காலணிகளின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்ன பண்றே நீ? எழுந்திரு."

"நாலு வருஷம், அண்ணி... எங்கப்பாவுக்காக. நான் இங்கே வந்து உக்காந்துக்கிட்டு உங்களையே திருடின்னு..." அதற்கு மேல் அழுகைதான்.

அர்மிந்தோ நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். "என்னை மன்னிச்சிடும்மா. பயத்துல உன் வாழ்க்கையைப் பிடிச்சு வச்சுக்கிட்டேன்."

இடலீனா சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்த வார்த்தைக்காக எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது அது வந்தபோது, வாங்கிக்கொள்ளக்கூட உடம்பில் தெம்பில்லை. ஒடேட்டின் தலைமுடியில் கை வைத்தாள்.

"விடு ஒடேட். எனக்குக் கால் வலிக்குது. முதல்ல உக்காரணும்."

மூவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். அன்று சூப்பைச் சூடு செய்து பரிமாறியவள் ஒடேட்.

இனி இந்த வீட்டுக்கு வரி வந்தால் பாதி என்னுடையது என்றாள் அவள். மீதியைப் பிறகு பார்ப்போம். ஆனால் அதற்குமுன் அந்த வரியையே குறைக்க வேண்டும். நகராட்சிப் பதிவில், தரைக்குக் கீழே உள்ள பேஸ்மெண்டில் ஒரு சமையலறையும் குளியலறையும் இருப்பதாக எழுதியிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் இரண்டும் நாசமாகி, ரூய் ஆள் வைத்துப் பெயர்த்து எறிந்துவிட்டான். இப்போது அங்கே வெறும் சிமெண்டுத் தரையும் பழைய சலவை இயந்திரமும்தான். இல்லாத அறைகளுக்கும் சேர்த்து விலை போட்டிருக்கிறார்கள். கெடுவுக்குள் அப்பீல் செய்து, படமும் எடுத்துக் காட்டி, இதே மாதிரி வீடுகள் அக்கம்பக்கத்தில் என்ன விலைக்கு விற்றன என்று மூன்று உதாரணமும் கொடுத்தால் குறைப்பார்கள் என்று டவுன்ஹால் பெண்மணி சொல்லியிருந்தாள்.

இடலீனா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டெல்ஃபினின் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஒடேட் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக நடந்து, விற்ற வீடுகளைத் தேடிப் பிடித்தாள். அர்மிந்தோ பேஸ்மெண்டுப் படியின் மேலே நின்று டார்ச் அடிக்க, அவள் கீழே படமெடுத்தாள். எங்கெங்கே குழாய் போயிற்று என்று அவர் மேலிருந்தே சொன்னார். விண்ணப்பத்தில் இடலீனா கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் மாதம் மாவட்ட வரி வாரியத்தின் முன் விசாரணை. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு பக்கம் நகராட்சி மதிப்பீட்டு அதிகாரி. இடலீனா தன் ஒரே நல்ல நீல உடையில் வந்திருந்தாள். ஒடேட் படங்களை வரிசையாக வைத்தாள். அதிகாரி பார்த்துவிட்டு, பதிவு பழையதுதான், திருத்திவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். மூன்று வீடுகளின் விலையையும் மறுக்கவில்லை. மதிப்பைக் குறைக்க இரு தரப்பும் சம்மதித்தாயிற்று.

நடுவில் இருந்த முதியவர் தாளைப் புரட்டினார். புருவம் சுருங்கியது.

"அம்மா, நீங்க வரியே கட்டறதில்லையே. மதிப்பு கூடினா என்ன, குறைஞ்சா என்ன? எதுக்கு இவ்வளவு சிரமம்?"

கேட்ட தொனியில் கேலி இல்லை. ஒடேட் பதில் சொல்ல வாயெடுத்தாள். இடலீனா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அடுத்த வருஷம் கட்ட வேண்டியிருக்கும், ஐயா" என்றாள். குரல் களைத்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "நான் கல்யாணம் பண்ணிக்கப்போறேன்."

நடைவண்டியைப் பிடித்தபடி பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அர்மிந்தோ கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். முதியவர் ஏதோ எழுதிவிட்டு, வாழ்த்துகள் என்றார். அடுத்த வழக்கை அழைத்தார்கள்.

வெளியே படிக்கட்டில் நல்ல வெயில். அர்மிந்தோவை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இறக்கினார்கள். கடைசிப் படியில் ஒடேட்டால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி... டெல்ஃபினுக்கு இது தெரியுமா?"

"இன்னும் தெரியாது" என்றாள் இடலீனா. மாமனாரின் தொப்பியைச் சரிசெய்தாள். "நீ மாமாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. பேக்கரி ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும்."