எஞ்சினை அணைத்தது யார்?

விமானம் பூப்போல இறங்கியது.

ஓட்டியவன் செத்துக் கிடந்தான்!

போர்க்கப்பலின் மேல்தளம். உச்சி வெயில். நெருப்பாய்க் கொதிக்கும் இரும்பு.

"இறக்கு மேடம்" என்றுதான் கப்பலில் அவளுக்குப் பெயர். அந்தரத்தில் அசையாமல் நின்று, செங்குத்தாக இறங்கும் ஜெட் விமானங்களை ரேடியோவில் பேசிப் பேசித் தளத்தில் இறக்குவது அவள் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு கீறல் கூட விழுந்ததில்லை.

அன்று வந்தவன் தும்பி. தும்பியைப் போலவே அந்தரத்தில் நிற்பான் என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

"மேடம், லேசா தலை சுத்துது..." ரேடியோ ஸ்பீக்கர் கரகரத்தது.

"கொஞ்சம் பொறு தும்பி. காத்து அடிக்குது. ரெண்டு நிமிஷம்."

"சரி. இறங்கினதும் கேப்டனைப் பாக்கணும் மேடம். எங்க அக்கா சாவுல எனக்கு ஒரு சந்தேகம்..."

அவள் பக்கத்தில் மருந்துப் பையோடு நின்றிருந்தார் கப்பல் டாக்டர். தும்பியின் அக்கா புருஷன். மனைவியைப் பறிகொடுத்து இரண்டே மாதம். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

காற்று தணிந்தது.

"வா... வலது பக்கம்... நில்லு. இறக்கு... இறக்கு... இறக்கு!"

சக்கரங்கள் தளத்தைத் தொட்டன. எஞ்சினின் உறுமல் மெல்ல அடங்கியது. கண்ணாடிக் கூண்டு திறந்தது.

"தலை சுத்துதுன்னானே..." டாக்டர்தான் முதலில் ஏணியில் ஏறினார். உள்ளே குனிந்தார். ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

நிமிர்ந்தார்.

"போயிட்டான்! மேல நிக்கும்போதே இதயம் நின்னிருக்கு. சக்கரம் தொடறப்ப அவன் உயிரோட இல்ல."



"உங்க மேல தப்பு இல்ல மேடம்." டாக்டர் இறங்கி வந்து தோளைத் தட்டினார். "அந்த ரெண்டு நிமிஷம் காக்க வெக்காம இருந்திருந்தா... சரி, விடுங்க."

விடவா முடியும்?

மூன்று நாள் கண் மூடவில்லை அவள். சாப்பாட்டுத் தட்டை வெறித்தாள். எங்கே திரும்பினாலும், கூண்டுக்குள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்த அந்தத் தலை!

நான்காம் நாள் காலை. கீழ்த்தளக் கொட்டகை. தும்பியின் விமானம் அனாதையாய் நின்றது. பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. மெக்கானிக் பத்தடி தள்ளியே நின்றான்.

"ஏன் இன்னும் சர்வீஸ் பண்ணலை?"

"கிட்டப் போக மாட்டேன் மேடம்! என் வேலை போனாலும் சரி."

"ஏன்?"

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "டாக்டர் என்ன சொன்னாரு? மேல நிக்கும்போதே செத்துட்டான்னாரு. அப்ப இறங்கின பிறகு எஞ்சினை அணைச்சது யாரு? அந்த ஸ்விட்ச் உள்ளதான் இருக்கு. ஆபத்துல ஆளை வெளிய வீசற சீட்டுக்கு, இறங்கின பிறகு பைலட் குத்தற சேஃப்டி பின் கூடக் குத்தியிருக்கு. செத்தவன் கை பண்ணின வேலை மேடம் இது... பேய்!"



அவள் அருகே போனாள். விமானத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்தாள்.

கேப்டன் அறையில் பத்து நிமிஷம்.

அங்கிருந்து நேராக டாக்டரிடம்.

"தூக்கமே இல்ல டாக்டர்..."

"எதிர்பாத்தேன். உக்காருங்க."

"தும்பி குரல் கேக்குது."

டாக்டர் புன்னகைத்தார். "குற்ற உணர்ச்சி. என்ன சொல்றான்?"

"இறங்கின பிறகு ஹெட்செட்ல கேட்ட மாதிரியே இருக்கு. 'மாமா... எதுக்கு இந்த ஊசி?'"

புன்னகை அணைந்தது.



"வேற... யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா பைத்தியம்னு நினைப்பாங்களே!"

"நல்லதாப் போச்சு." டாக்டர் எழுந்து கதவைத் தாழிட்டார். அலமாரியைத் திறந்தார். ஊசியில் மருந்து ஏறியது. "ஒரே ஊசி. நிம்மதியாத் தூங்கிடுவீங்க."

"எல்லாம் பிரமைதானா டாக்டர்? ரேடியோல தெளிவாக் கேட்டுச்சே..."

"கேட்டிருக்கவே முடியாது!" டாக்டர் சீறினார். "மைக் அவன் ஆக்சிஜன் மாஸ்க்லதானே இருக்கு? அதைக் கழட்டிட்டுத்தானே நான் ஊசியை..."

வாய் திறந்தபடியே நின்றது.



"முடிங்க டாக்டர். ஊசியை...?"

அவர் பாய்ந்தார்! அவள் நாற்காலியை உதைத்துத் தள்ளினாள். கால் தடுக்கி விழுந்தவர் கையிலிருந்து ஊசி தெறித்து உருண்டது.

சட்டைப் பையிலிருந்து வாக்கி டாக்கியை வெளியே எடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கேட்டுச்சா கேப்டன்?"

"ஒரு வார்த்தை விடாம." கேப்டனின் குரல் கரகரத்தது. "அவரோட மனைவி சாவையும் தோண்டச் சொல்லியாச்சு. ஆளுங்க வாசல்லதான் நிக்கறாங்க. கதவைத் திறம்மா."

அவள் தாழ்ப்பாளை நீக்கினாள். காவலர்கள் டாக்டரைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"அப்ப... அந்தக் குரல்?" டாக்டர் முனகினார். "நிஜமாவே கேட்டுதா?"

"எனக்கு எந்தக் குரலும் கேக்கல டாக்டர். எஞ்சினை அணைச்சது உயிரோட இருந்த தும்பிதான், அதுக்கப்புறம் அவன்கிட்டப் போனது நீங்க மட்டும்தான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன மாசம் காது டெஸ்ட் பண்ணி 'நார்மல்'னு கையெழுத்துப் போட்டதே நீங்கதானே!"