மூடிக்குள் இருந்த குங்குமம்

"அக்கா, என் தம்பி என்னைக் கொல்லப் பாக்குறான்."

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீல் அலைன்மென்ட் கடை வாசலில் நின்று ஒரு பெண் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? நாகேஷ் கையில் வைத்திருந்த டீ பாதி வேட்டியில் கொட்டியது. தபால் ஆபீஸில் ரிடையர் ஆகி ஒரு வருஷமாக மனைவியின் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே அவருக்கு ரெண்டு வேலைகள். ஒன்று டீ போடுவது. இன்னொன்று, யாரும் கேட்காமலே முடிவு சொல்வது.

கடைக்காரி பாக்யலட்சுமி பதறவில்லை. இருபது வருஷமாகச் சக்கரங்களோடு பழகியவள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு சுனிதா. முதல்ல வண்டிக்கு இன்னான்னு சொல்லு. தம்பி கதை அப்பறம்."

சுனிதா தினமும் காரில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். நாலு நாளாக முன்பக்கம் உதறுகிறதாம். நேர் ரோட்டில் எண்பதில் போனாலும் ஒன்றுமில்லை. பிரேக் போட்டாலும் ஒன்றுமில்லை. எக்ஸ்பிரஸ்வேயில் ஏறுகிற அந்த இடது வளைவில் வேகமாகத் திரும்பினால் மட்டும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடுகிறது. இன்று காலை 'டக் டக்' என்று சத்தமும் சேர்ந்துகொண்டது. பின்னால் வந்த லாரி நூலிழையில் மோதாமல் விலகிப் போனது.

"பெங்களூர்ல எங்கனா காட்டினியா? சக்கரத்தை மிஷின்ல ஏத்தி பேலன்சிங் பண்ணாங்களா?"

"காட்டினேன்க்கா. டைம் இல்லன்னு மிஷின்லயே ஏத்தல. ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை காலைல தம்பி விநாயக் முன் சக்கரத்துக்கிட்ட மண்டி போட்டு உக்காந்திருந்தானாம். அப்பா வீட்டு எதிர் லைன் மங்கம்மா பாத்திருக்காங்க. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்க அவன் மேல மனு எழுதியே கொண்டாந்துட்டேன்."

நாகேஷுக்கு ஊர்க்கதை தெரியும். பக்கத்து ஊரிகத்தில் அப்பா ராஜப்பா இருக்கும், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டை யார் பேருக்கு எழுதுவது என்ற தகராறில் அக்காளுக்கும் தம்பிக்கும் எட்டு மாசமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சுனிதா இருக்கும் சந்தில் இடமில்லாததால் காரை அப்பா வீட்டு எதிரில்தான் நிறுத்துகிறாள். விநாயக்கோ போலீஸ் வேலைக்குத் தேர்வாகி ஆர்டருக்குக் காத்திருக்கிறான். இந்த மனு ஸ்டேஷனுக்குப் போனால் அந்த வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

"அவன்தான்!" என்றார் நாகேஷ். "சந்தேகமே வேணாம்."

"இன்னாங்க, அந்தக் காத்து மீட்டரை எடுங்க" என்றாள் பாக்யலட்சுமி.

அவள் காரை, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் அடிவாரத்துக் காலி இடத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். வலது பக்கம் வட்டம் போட்டால் சத்தமில்லை. இடது பக்கம் ஒடித்தால் வலது முன் சக்கரத்திலிருந்து 'டக்' என்று கேட்டது. பத்தடிகூடப் போகாமல் நிறுத்தினாள்.

"இடது பக்கம் ஒடிச்சா வண்டி பாரம் பூரா வலது சக்கரத்து மேல சாயும். கோளாறு அங்கதான்."

நாகேஷ் நாலு டயருக்கும் காற்று பார்த்தார். மூன்றில் இருபத்தேழு. வலது முன் சக்கரத்தில் மட்டும் முப்பத்துமூன்று. பாக்யலட்சுமி அதைக் கேட்டுத் தலையாட்டினாள். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை அசைத்தாள். ஆடியது.

"பேரிங்கு!" என்றார் நாகேஷ்.

"இப்பதான் தம்பின்னீங்க."

அவள் சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தாள். உள்ளே நாலு நட்டுகளின் மேலும் சந்தனம் அப்பியிருந்தது. அது ஒவ்வொரு நட்டின் ஆறு பட்டையிலும் வழிந்து காய்ந்திருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு.

"இன்னாது, மூடிக்குள்ள பூஜையா?" என்றார் நாகேஷ்.

"தொடாதீங்க. முதல்ல நல்லாப் பாருங்க. சந்தனம் எங்கனா பேந்திருக்கா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு பாக்யலட்சுமி ரெண்டு விரலால் ஒரு நட்டைப் பிடித்துத் திருப்பினாள். அது பாட்டில் மூடிபோல் சுலபமாகச் சுற்றியது. இந்தச் சக்கரத்தோடுதான் இந்தப் பெண் இன்று காலை எக்ஸ்பிரஸ்வே ஏறியிருக்கிறாள்.

போல்ட்டு முழுக்கக் கிரீஸ் பூசியிருந்தது. சக்கரத்தைக் கழற்றியதும் பாக்யலட்சுமியின் முகம் மாறியது. சட்டென்று ஒரு சாக்கை எடுத்து அச்சின் மேல் போட்டு மூடினாள்.

"விநாயக்குக்குப் போன் போடுங்க. அவங்கப்பாவையும் கூட்டினு வரச் சொல்லுங்க."

மூன்று மணிக்கு இருவரும் பைக்கில் வந்து இறங்கினார்கள். அக்காளைப் பார்த்ததும் விநாயக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராஜப்பா மட்டும் மகளின் காரைப் பார்த்து, "இன்னாம்மா, பஞ்சரா?" என்றார்.

"விநாயக், ஞாயித்துக்கிழமை காருகிட்ட இன்னா பண்ணின?" என்று கேட்டாள் பாக்யலட்சுமி.

"காத்து அடிச்சேன். சனிக்கிழமை அவங்க வர்றப்ப அந்தச் சக்கரம் ஒரு மாதிரி ஆடிச்சு. காத்து கம்மின்னு நெனச்சேன். அவங்ககிட்டதான் நமக்குப் பேச்சில்லையே."

"பொய்!" என்றாள் சுனிதா.

"பொய் இல்ல" என்றாள் பாக்யலட்சுமி. "மத்த மூணுலயும் இருபத்தேழு, இதுல மட்டும் முப்பத்துமூணு. உன் தம்பி சொல்றது நிஜம். நீ நினைக்கிற மாதிரி எவனும் ஸ்பேனர் போட்டு நட்டைத் தளர்த்தல. தளர்த்தியிருந்தா பட்டையில காஞ்ச சந்தனம் உதிர்ந்திருக்கும். ஒரு கீறல்கூட இல்ல. அதாவது ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சதுக்கு அப்பறம் ஸ்பேனரே படல. ஆனாலும் நட்டு தளர்ந்து கீது. எப்படி?"

அவள் கழற்றிய நட்டு ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"நட்டு நவுரல. நட்டு எதை அழுத்திப் பிடிச்சிருந்துச்சோ அது இளைச்சுப் போச்சு."

அவள் சாக்கை எடுத்தாள். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. அதில் நாலு ஓட்டையும் அளவெடுத்ததுபோல் வெட்டியிருந்தது. சுற்றிலும் நசுங்கிப் பிதுங்கியிருந்தது.

"பேக்கிங்" என்றாள் பாக்யலட்சுமி. "குழாயும் குழாயும் சேர்ற எடத்துல தண்ணி கசியாம இருக்க நடுவுல வைக்கிறது. கார் மெக்கானிக் எவனும் இதை இங்க வைக்க மாட்டான். சக்கரம் இரும்போட இரும்பா உக்காரணும். நடுவுல ரப்பர் இருந்தா ஓட ஓட நசுங்கும், பிடி விட்டுப் போகும், வளைவுல சக்கரமே ஆடும். இதை வெச்சவரு வாழ்க்கை பூரா பம்பும் பைப்பும் பூட்டினவரு. பூஜைக்குச் சக்கரத்தைக் கழுவி, நட்டுக்குப் பொட்டும் வெச்சு மூடினவரு."

"நான்தாம்மா வெச்சேன்" என்றார் ராஜப்பா. குரலில் ஒளிவு மறைவே இல்லை, பெருமைதான் இருந்தது. தங்கச் சுரங்க ஷாப்ட்டுக்குள் முப்பது வருஷம் பம்ப் ஃபிட்டராக இருந்தவர். "கழட்டிப் பாத்தா இரும்பு மேல இரும்பு, துரு புடிச்சுக் கெடக்குது. கம்பெனிக்காரன் பேக்கிங்கே வைக்கல. சுரங்கத்துல எங்க லெவல்ல அப்படிப் பூட்டினா மேஸ்திரி செவுள்லயே குடுப்பான். நாலு சக்கரத்துக்கும் வெட்டிப் போட்டேன். சொன்னா இந்தப் பொண்ணு திட்டும்னு சொல்லல."

நாலு சக்கரத்துக்கும். நாகேஷ் மற்ற மூன்று சக்கரங்களையும் திரும்பிப் பார்த்தார். சுனிதா பேயறைந்தவள்போல் அப்பாவையே பார்த்தாள்.

"அப்பா, இன்னிக்குக் காலைல நான் செத்திருப்பேம்ப்பா."

ராஜப்பா மகளைப் பார்த்தார், ரப்பர் வளையத்தைப் பார்த்தார், பிறகு அந்த நட்டை எடுத்து விரலால் சுற்றிப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"மணி இன்னா?" என்றார் திடீரென்று.

"மூணேகால்."

"ரவிகுமாரு வேனு..." அவருக்கு வாய் குழறியது. "ஸ்கூல் வேனு. அதுக்கும் நான்தான் போட்டேன். லீவுல சும்மா நின்னுது. இன்னிக்குத்தான் ஸ்கூல் திறந்தாங்க."

ஸ்கூல் விடுவதும் மூணேகாலுக்குத்தான். வேன் கிளம்பியிருக்கும். பாக்யலட்சுமி போனை எடுத்து டிரைவர் ரவிகுமாரின் நம்பரைத் தேடினாள். விநாயக் பைக்கை உதைத்தான். அவன் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை, சுனிதா பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி பறந்தது.

ரவிகுமாரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஓட்டும்போது போனை எடுக்காத நல்ல டிரைவர் அவன். அதற்காக அவனை நாகேஷ் அன்று வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒன்பது தடவை போட்டார்கள். ராஜப்பா தரையில் குந்தி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார்.

மூன்று நாற்பதுக்குச் சுனிதாவிடமிருந்து போன் வந்தது. பாக்யலட்சுமி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நிறுத்திட்டோம்க்கா. ஸ்கூல் ரோட்டு எறக்கத்துக்கு முன்னாடியே விநாயக் பைக்கைக் குறுக்கப் போட்டுட்டான். பதினாலு பசங்க. எல்லாரையும் எறக்கிட்டோம்." மூச்சு வாங்கினாள். "வலது முன் சக்கரத்துல ஒரு நட்டே இல்லக்கா. மிச்சத்தைத் தம்பி கையாலயே கழட்டினான். அப்பாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க."

நாகேஷ் திரும்பினார். ராஜப்பாவின் கைகள் காதிலிருந்து எப்போதோ இறங்கியிருந்தன. அந்த ரெண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நல்லாத்தானே பூட்டினேன் நாகேஷு" என்றார். "ஒண்ணொண்ணையும் ரெண்டு தரம் முறுக்கிப் பாத்துதானே பூட்டினேன்."

எல்லாவற்றுக்கும் முடிவு சொல்கிற நாகேஷ் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.