பன்னிரண்டு தொட்டி… ஒரு பிணம்கூட இல்லை!

"வீல்…!"

அந்த அலறலில் கூரைப் புறாக்கள் எழும்பி, மூன்று ஊர் தாண்டிப் போய்த்தான் உட்கார்ந்தன.

அலறியது ஆய்வுக்கூடத் தலைவி. கண்ணாடிக் கூடத்தில், பன்னிரண்டு தொட்டிகளுக்கு நடுவே நின்றாள்.

பிணமா…?

ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அலறினாள்!

தொட்டிகளில் ஆகாயத்தாமரை. அந்தக் களையைக் கொல்லும் பூஞ்சணத்தைத் தெளித்துப் பத்து நாள். இந்நேரம் கருகி அழுகியிருக்க வேண்டும். கொழுகொழுவென்று… பூ வேறு விட்டிருந்தது.

"மாப்பிள்ளை!"

வந்தான். பூஞ்சணம் வளர்ப்பவன். அவளுடைய தங்கையின் கணவன். இதே கூடத்தில் வேலை பார்த்த தங்கை இறந்து பதினோரு மாதம்.

"என்ன இது?"

"பூத்திருக்குக்கா."

"மோந்து பாக்கவா கூப்பிட்டேன்? அடுத்த மாசம் ஏரியில தெளிக்கணும். மீன் பிடிக்கறவங்க படகை இறக்க முடியாம உட்கார்ந்திருக்காங்க. இதைத் தெளிச்சா களை நமக்கு நன்றிதான் சொல்லும். கடைசியா எப்போ செடியில ஏத்தினீங்க?"

அவன் ஒரு பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அரிசிப் பையில் வளரும் பூஞ்சணத்துக்கு ஒரு கெட்ட குணம். உட்கார்ந்த இடத்தில் சோறு தின்று தின்று, கொலைத்தொழிலையே மறந்துவிடும்! மூன்று மாதத்துக்கொரு முறை ஃப்ரிட்ஜிலிருக்கும் மூல ட்யூபைத் திறந்து, உயிருள்ள களையில் ஏற்றி, செத்த இலையிலிருந்து எடுத்துப் புது ட்யூபில் சேர்க்க வேண்டும். பழைய ட்யூபை வேகவைத்து அழிக்க வேண்டும்.

"ஏத்தவே இல்லக்கா… பையிலேர்ந்து பைக்கு மாத்திட்டே இருந்தேன்."

"ஏன்?"

ஃப்ரிட்ஜைத் திறந்தான். விரல் நீள ட்யூப். ஒட்டிய தாளில், நீல மசியில் ஓர் எண்.

"அவ கடைசியா எழுதினது. ஏழுக்கு நடுவுல கோடு போடுவாளே… இதை எப்படிக்கா வேகவைக்கறது?"

"தாளை உரிச்சு வெச்சுக்கறது…"

"உரிச்சேன். ஓரம் கிழிஞ்சுது. விட்டுட்டேன்."

தலைவி கையை நீட்டினாள்.

"இதுக்குள்ள இருக்கறவன் மட்டும்தான் இன்னும் கொலைகாரன், மாப்பிள்ளை. குடுங்க."

"வேணாம்க்கா."

"அது… அவ எழுத்து இல்ல."

அவன் நிமிர்ந்தான்.

"அவ செத்த வாரமே ஃப்ரிட்ஜ் ரிப்பேர். தண்ணி சொட்டி மசியெல்லாம் கரைஞ்சுபோச்சு. நீங்க தினமும் அதைத் திறந்து பாத்துட்டு நிப்பீங்க. மனசு கேக்கல. நான்தான் எழுதி ஒட்டினேன். கோடு உட்பட."

"அப்போ அவ எழுதினது?"

"இல்ல. எங்கிட்டயும் ஒண்ணும் மிஞ்சல."

இருவரும் அழுதார்கள். பன்னிரண்டு தொட்டிகள் மட்டும் வெட்கமில்லாமல் பூத்து நின்றன.

பிறகு அவன் ட்யூபை நீட்டினான்.

அதிலிருந்து வளர்த்துத் தெளித்த எட்டாம் நாள். பன்னிரண்டிலும் பிணம்! செத்த இலையிலிருந்து எடுத்தது புது ட்யூபில் தயார். தலைவி அவனிடம் பேனாவை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

"நீங்களே எழுதுங்கக்கா. பதினோரு மாசமா உங்க எழுத்தைப் பாத்துத்தான் அழுதிருக்கேன்… இப்ப மாத்தினா அழுகை வராது."