பதினோராவது பெயர்

ஒவ்வொரு வெள்ளியும் கண் வீங்கி வந்து, புருஷனின் சேதிக்காக அரசாங்கக் கந்தோர் விறாந்தையில் காத்திருக்கும் செபஸ்தியம்மா, அன்று தலையில் மல்லிகைச் சரத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அவர் வந்திட்டார் ஐயா. நீங்கள் சொன்னது பலிச்சிட்டுது."

மொழிபெயர்ப்பாளர் சோமசேகரத்தின் பேனை நின்றது.

மலாயாவை யப்பான்காரன் பிடித்து இரண்டு வருடம். அங்கே உத்தியோகத்துக்குப் போன யாழ்ப்பாணத்தாரின் கதியைப் பற்றி நடுநிலை நாட்டுத் தூதர் ஒருவர் எழுதிய அறிக்கை, போன மாதம் கொழும்பு வழியாக அவர் மேசைக்கு வந்திருந்தது. மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைக்கும் சனத்தையும், சயாம் காட்டு ரயில் பாதையில் வாந்திபேதி கண்டவர்களை உயிர் போகுமுன்னே சேற்றுக் குழியில் தள்ளுவதையும் அது சொன்னது. கடைசித் தாளில் இறந்தவர் பட்டியல். பதினோராவது பெயர், அவள் புருஷன் வின்சன்ற்.

"சனத்தைப் பயப்படுத்தாதையும்" என்று மேலதிகாரி சொன்னது அறிக்கையைத் தமிழாக்குவதற்குத்தான். அவளிடம் "சுகமாய் இருக்கிறார் பிள்ளை" என்றது சோமசேகரம் தானாகவே. அவள் அழுவதைப் பார்க்கத் தைரியமில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றியபோது, அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"அவருக்கு உங்களைக் காட்டவேணும். வாங்கோ."

பேனையை மூடிவைத்து எழுந்தார். சுண்டிக்குளி ஒழுங்கைக்குள் அவள் பின்னால் நடந்தார். பங்குனி வெயில் தாழ்ந்தும் புழுதி சுட்டது. அந்தக் காய்ந்த புழுதியில், வேலிப் படலையிலிருந்து வீட்டு வாசல்வரை, ஈரச் சேற்றுக் காலடிகள். ஊர் மண் சிவப்பு. அந்தச் சேறு மஞ்சள். உக்கிய இலை மணமும், அதற்கடியில் தித்திப்பாய் இன்னொரு வாடையும் மூக்கில் ஏறின. வேலியோரம் நாய் நடுங்கிக்கொண்டு கிடந்தது. குரைக்கவில்லை.

உள்ளே இருட்டு. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஓர் உருவம்.

சொட்டு. சொட்டு.

"பயணக் களை ஐயா. கதைக்கிறாரில்லை."

ஊதிய பாதங்கள். நகமில்லை. வாய் திறந்தது. மஞ்சள் தண்ணீர் வழிந்தது. செபஸ்தியம்மா சீலைத் தலைப்பால் துடைத்தாள். மீண்டும் வழிந்தது. மீண்டும் துடைத்தாள்.

"மெலிஞ்சு போனார். மற்றபடி சுகம்தானே ஐயா?"

இப்போதாவது சொல்லவேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த நம்பிக்கை. அந்த மல்லிகை.

"ஓம் பிள்ளை," என்றார். "சுகமாய்த்தான் இருக்கிறார்."

கதிரையிலிருந்தது மெதுவாகத் தலையைத் திருப்பியது. அவர் பக்கம். கண் இருந்த இடங்களில் சேறு.

அதையும் அவள் பூப்போலத் துடைத்துவிட்டாள்.